தேதி இல்லாத கேள்வி

எங்கள் அலுவலகத்தில் ஒருவனைப் பூட்டு என்றுதான் கூப்பிடுவோம். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. எதைக் கண்டாலும் பூட்டிவிடுவான். மேசை இழுப்பறை, மொட்டை மாடிக் கதவு, யாரும் தொடாத பழைய சர்வர், எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு பூட்டு உண்டு. ஒரு முறை கழிவறையைப் பூட்டிவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், பயந்தவன். ஏதாவது கெட்டுப்போனால் தன் தலையில் விழுமே என்று எந்நேரமும் பயம். பயந்தவர்கள் செய்கிற காரியங்களைக் கண்டால்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

நானும் அவனும் பேருந்து நிறுவனத்தின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள். எங்கள் பேருந்தில் ஏறும்போது பயண அட்டையைக் கதவருகே உள்ள பெட்டியில் தட்ட வேண்டும், இறங்கும்போது இன்னொரு முறை தட்ட வேண்டும். தட்டுவதெல்லாம் எங்களிடம் வந்து சேரும். ஒரு பயணத்துக்கு ஓர் ஆவணம். எந்த அட்டை, எங்கே ஏறியது, எப்போது ஏறியது, எங்கே இறங்கியது, எப்போது இறங்கியது. ஏறித் தட்டியதும் ஆவணம் திறக்கும், இறங்கித் தட்டியதும் மூடும். நடுவில் உள்ள நேரமெல்லாம் நிலை என்ற இடத்தில் 'பயணத்தில்' என்று இருக்கும்.

தட்டாமல் இறங்குகிறவர்கள் ஏராளம். தூங்கி விழித்து ஓடுகிறவர்கள், கைபேசியில் பேசிக்கொண்டே இறங்குகிறவர்கள், குழந்தையையும் பையையும் ஒரே கையில் பிடித்திருப்பவர்கள். அவர்கள் அடுத்த முறை ஏறித் தட்டும்போது, பழைய பயணத்தில் கடைசி நிறுத்தம் வரை போனதாக எழுதி இயந்திரமே மூடிவிடும். நான் நடுவழியிலேயே இறங்கினேனே, கடைசி நிறுத்தத்துக்குப் போகவே இல்லையே என்று மறுநாள் தொலைபேசியில் சண்டை வரும். அந்தச் சண்டையை வாங்கிக்கொள்வது கீழ்த்தளத்தில் உள்ள புகார்ப் பிரிவு. அங்கேதான் என் அக்கா வேலை பார்க்கிறாள். தட்ட மறந்தவர்களுக்கு இந்த விதியை விளக்கிச் சொல்லியே அவள் தலைமுடி நரைத்தது என்று முன்பெல்லாம் கிண்டல் செய்வேன். அந்த நரைக்கு வேறு காரணம் வந்த பிறகு அப்படிக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டேன்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. சில வாரங்களாகக் காலை நெரிசலில் தரவுத்தளம் திணறியது. பேருந்துக் கதவில் தட்டினால் பச்சை விளக்கு எரியத் தாமதம், வரிசை நடைபாதை வரை நீளும், ஓட்டுநர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அந்த வாரம் நான் காய்ச்சலில் விடுப்பு எடுத்திருந்தேன். பூட்டு தனியாக உட்கார்ந்து குடைந்து பார்த்து, திணறலுக்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி என்று கண்டுபிடித்துவிட்டான். ஓர் அட்டையின் கடைசிப் பயணம் எது என்று யாரோ தேதி கொடுக்காமல் கேட்கிறார்கள். எங்கள் ஆவணங்கள் மாதவாரியாக வரிசைப்படுத்தப்பட்டவை. தேதி சொன்னால் நேராக அந்த இடத்துக்குப் போய் எடுத்துவிடலாம். சொல்லாவிட்டால் எல்லா வருடங்களையும் எல்லா மாதங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் கதவில் தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி ஒரு புரட்டல் வந்தால் இயந்திரம் என்ன செய்யும்?

பூட்டு தனக்குத் தெரிந்ததைச் செய்தான். ஒரு வகைக் கேள்வி வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தரவுத்தளத்துக்கு முன்கூட்டியே சொல்லி, அதை ஓர் அமைப்பாகச் சேமித்து வைக்கலாம். இந்த வழியாகத் தேடு என்று சொல்லலாம். பதிலே சொல்லாதே என்றும் சொல்லலாம். சர்வரை அணைத்துப் போட்டாலும் அது மறக்காது. ஒருவர் உட்கார்ந்து அந்த அமைப்பை நீக்கினால்தான் போகும். பூட்டு, பதில் சொல்லாதே என்று சேமித்து வைத்தான். மறுநாள் காலை திணறல் இல்லை. மேலாளர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

காய்ச்சல் விட்டு நான் வேலைக்கு வந்த அன்று அக்கா மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள். அவள் மேலே வருவது அபூர்வம். என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னடா, உன் மெஷின் என்கிட்ட பேச மாட்டேங்குது."

என்ன கேட்டாய் என்றேன். கண்ணாடியை மறுபடி துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. வாலுவோட கார்டு என்றாள்.

வாலு என் அக்காவின் ஒரே மகள். அவள் சேட்டைக்கு நான் வைத்த பெயர் அது, நிலைத்துவிட்டது. கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாலை கல்லூரி வாசலில் பேருந்தில் ஏறினாள், அட்டையைத் தட்டினாள், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். பாதி வழியில் பக்கத்தில் இருந்த பெண்மணி, தூங்குகிற பெண் தன் தோளில் சாய்கிறாளே என்று நகர்ந்து உட்கார்ந்தாராம். பிறகுதான் அது தூக்கமில்லை என்று தெரிந்திருக்கிறது. இதயத்தில் பிறவியிலேயே ஏதோ கோளாறு, யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். நாலு பேர் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள், ஆம்புலன்ஸ் வந்தது. அட்டை பைக்குள் இருந்தது. அந்த நேரத்தில் அதை எடுத்துத் தட்ட யாருக்குத் தோன்றும்?

அந்தப் பேருந்தின் கடைசி நிறுத்தம் அக்காவின் வீட்டு வாசல். வண்டி அங்கேதான் திரும்பும். வாலு எப்போதும் தாமதமாகத்தான் வருவாள். தோழிகளோடு பேசிக்கொண்டே ஒரு வண்டியை விடுவாள், பிறகு இன்னொன்றை விடுவாள். அக்கா பால்கனியில் நின்று ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பாள். இறங்கி வந்ததும் வாசலிலேயே அர்ச்சனை நடக்கும். நானும் அதே கட்டடத்தில் மேல்வீட்டில் இருப்பதால் எனக்கும் ஒரு பங்கு காதில் விழும். செல்லம் கொடுத்துக் கெடுத்ததே இந்த மாமாதான் என்று முடிப்பாள்.

அவள் போனபிறகு அக்கா ஒரு மாதம் விடுப்பில் இருந்தாள். திரும்பி வந்ததிலிருந்து தினமும் காலையில், பையை வைத்ததும் நாற்காலியில்கூட உட்காராமல், திரையில் வாலுவின் அட்டை எண்ணைப் போட்டுத் தேடியிருக்கிறாள். தேதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவாள். ஆவணங்கள் பெருகப் பெருகப் பதில் வரத் தாமதமானது. வராவிட்டால் இன்னொரு முறை அழுத்துவாள், இன்னொரு முறை அழுத்துவாள். ஒவ்வொரு அழுத்தலும் ஒரு புதுப் புரட்டல். காலைத் திணறலின் கதை இதுதான். பச்சை விளக்குக்காக நடைபாதை வரை வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும், தெரியாமலே, வாலு வந்துவிட்டாளா என்று அவள் அம்மாவோடு சேர்ந்து காத்திருந்திருக்கிறார்கள்.

இப்போது அவள் திரையில், இந்தக் கேள்வி ஏற்கப்படவில்லை என்று வருகிறது. பூட்டிடம் போனேன். எரிந்து விழுந்தேன். கேட்கிறவர் யார் என்று பார்க்கமாட்டாயா என்று கத்தினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. அட்டை யாருடையது என்று பார்க்கத் தனக்கு அதிகாரம் இல்லை, சத்தியமாகத் தெரியாது என்றான். அது உண்மைதான். நான் அதற்குமேல் கத்தியது அக்கிரமம். ஆனால் அன்று எனக்குக் கத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மேலாளரிடம் போனேன். நல்ல மனுஷி. வாலுவுக்கு மாலை வாங்கி வந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, ரொம்ப வருத்தமாக இருக்கிறது, ஆனால் கதவில் நிற்கும் மக்களை நான் பார்க்க வேண்டுமே என்றார். அட்டை எண்ணை வைத்தே தேட ஒரு புது வரிசை போட அனுமதி தாருங்கள் என்றேன். இடம் பிடிக்கும், அடுத்த மேம்படுத்தலில் பார்க்கலாம் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். உங்கள் அக்காவைத் தேதி போட்டுத் தேடச் சொல்லக்கூடாதா? தேதி போட்டால் ஒரு தடையும் இல்லையே? அது நியாயமான கேள்வி. அந்த நியாயத்தை எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கினேன்.

அக்காவைப் படிக்கட்டு ஓரத்துக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். தேதியைப் போட்டுவிட்டால் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும், நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றேன். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தேதிய நான் எழுத மாட்டேன்டா. ஆஸ்பத்திரியில எழுதினேன். காலேஜ்ல எழுதினேன். பேங்க்ல எழுதினேன். எங்க போனாலும் மொதல்ல அந்தத் தேதியத்தான் கேக்கறாங்க. இங்க மட்டும் எழுத மாட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"அவ போயிட்டான்னு எனக்குத் தெரியாதா? கடைசியா அவளுக்குத் தல வாரி விட்டவ நான். எனக்கு ஒண்ணும் புத்தி பேதலிச்சுப் போகல. ஆனா அந்த ஒரு எடத்துல மட்டும் அவ இன்னும் வந்துட்டு இருக்கா. வந்துட்டு இருக்கான்னு பாத்துட்டு என் வேலையப் பாக்கறேன். அவ்வளவுதான்டா."

அதற்குமேல் நான் தேதியைப் பற்றிப் பேசவில்லை. நானே தேடிச் சொல்கிறேன் என்றேன். மறுநாளிலிருந்து தினமும் காலையில் என் திரையில் வாலுவின் அட்டை எண்ணைப் போட்டு, அக்கா எழுத மறுத்த அந்தத் தேதியையும் போட்டுத் தேடினேன். நாள், மாதம், வருடம் என்று மூன்று கட்டம். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதுபோல் இருக்கும். பிறகு கீழே போய், இன்னும் 'பயணத்தில்' என்றேதான் இருக்கிறது அக்கா என்பேன். சரி என்று தலையாட்டுவாள். தண்ணீர் கேட்டவளிடம், குடித்துவிட்டேன், நன்றாக இருந்தது என்று போய்ச் சொன்னதுபோல இருக்கும் எனக்கு. ஒரு நாள் அவளே சொன்னாள். நீ பார்த்துச் சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன், போதவில்லையடா, நானே பார்க்க வேண்டும்.

வாரங்கள் போயின. அக்கா தேய்ந்துகொண்டே வந்தாள். தொலைபேசியில் கத்துகிறவர்களிடம் திரும்பக் கத்த ஆரம்பித்தாள். அவள்மேலேயே புகார் வந்தது, புகார்ப் பிரிவுக்கே. வருட நினைவு நாளும் வந்து போனது. அன்று அத்தானும் நானும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா பால்கனியில் நின்று வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் துணைக்கு வந்தவர் யார் என்றால், குடைக்காரர். தொலைந்த பொருள்கள் பிரிவில் இருப்பவர். அவரிடம் வந்து சேருவதில் முக்கால்வாசி குடைகள் என்பதால் அந்தப் பெயர். ஒரு நாள் மூச்சிரைக்க மாடி ஏறி வந்து, கண்டெடுத்த அட்டைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் திண்டாடுவது, கடைசியாக எந்த வண்டியில் தட்டியது என்று கேட்டால் ஏற்க மாட்டேன் என்கிறதே, அட்டையைத் தொலைத்தவர் தேதியையுமா கட்டி அனுப்புவார் என்று சத்தம் போட்டார்.

அப்போதுதான் பூட்டு செய்திருந்த தவறு எனக்கு உறைத்தது. அவன் தடுத்தது ஓர் அட்டையை என்று நினைத்திருந்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கோபத்தில் ஒழுங்காகப் பார்க்கவில்லை. சேமித்த அமைப்பு அட்டை எண்ணைப் பார்ப்பதில்லை. கேள்வியின் வடிவத்தை மட்டும்தான் பார்க்கும். ஏதோ ஓர் அட்டை, அதன் கடைசிப் பயணம், தேதி இல்லை. இந்த வடிவத்தில் யார் கேட்டாலும், எந்த அட்டைக்காகக் கேட்டாலும், பதில் கிடையாது. வாலு என்று ஒருத்தி இருந்ததே இயந்திரத்துக்குத் தெரியாது. எண்ணை உருவிவிட்டுப் பார்த்தால், பிள்ளையைத் தேடுகிறவளின் கேள்வியும் குடைக்காரரின் கேள்வியும் அதற்கு ஒன்றுதான்.

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. குடைக்காரரைக் கையோடு மேலாளரிடம் அழைத்துப் போனேன். ஒரு பிரிவின் வேலையே நிற்கிறது என்றேன். அக்கா இனிமேல் மதிய இடைவேளையில்தான் கேட்பாள், அதுவும் ஒரே முறைதான் அழுத்துவாள், அதற்கு நான் பொறுப்பு என்றேன். மேலாளர், சரி, நீக்கிவிடுங்கள் என்றார். பூட்டுகூட மறுக்கவில்லை. நானே நீக்கட்டுமா அண்ணா என்றான். இல்லை, நான் செய்கிறேன் என்றேன். அந்தச் சந்தோஷம் எனக்கு வேண்டும் என்று தோன்றியது.

எல்லாரும் கிளம்பும் மாலை நேரத்தில் உட்கார்ந்தேன். சேமித்த அமைப்புகள் வரிசையாகத் திரையில் வந்தன. பூட்டு போட்டதைக் கண்டுபிடித்தேன். அதன் பக்கத்திலேயே, இதுவரை எத்தனை கேள்விகள் மறுக்கப்பட்டன என்ற கணக்கும் இருந்தது. ஆயிரக்கணக்கில் இருந்தது. பாவி மனுஷி, வராது என்று தெரிந்தும் இத்தனை தடவையா அழுத்தியிருக்கிறாள் என்று நினைத்தேன். நான் சொல்லிவிட்டு மேலே வந்தபிறகும், யாரும் பார்க்காதபோது அழுத்தி அழுத்திப் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. அந்தக் கலங்கலோடு நீக்கு என்று ஆணை கொடுத்தேன். நீக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. கீழே போய், நாளை மத்தியானம் நீயே பார்த்துக்கொள் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் தேடவில்லை. அந்தத் தேதியை இனிமேல் நான் தொட வேண்டியதில்லை என்ற நிம்மதி. இடைவேளை மணியடித்ததும் கீழே இறங்கினேன். புகார்ப் பிரிவில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு அக்கா எனக்காகக் காத்திருந்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எண்ணை அடித்தாள். பார்க்காமலே விரல் ஓடியது. தேதிக் கட்டத்தைத் தொடவில்லை. ஒரு முறை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இயந்திரம் எல்லா வருடங்களையும் புரட்டிக்கொண்டிருந்தது. அவள் இரண்டாவது முறை அழுத்தவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பதில் வந்தது.

ஏறிய நிறுத்தம், கல்லூரி வாசல். அதற்குக் கீழே, வருடம் முழுக்க ஒன்றுமில்லாமல் இருந்த இடத்தில், இறங்கிய நிறுத்தம் என்று இருந்தது. அங்கே கடைசி நிறுத்தத்தின் பெயர் இருந்தது. அவள் வீட்டு வாசல். இறங்கிய நேரம், முந்தின நாள் இரவு. நிலை, 'முடிந்தது'.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. எங்களிடம் துடைப்பம் என்று ஒரு நிரல் உண்டு. வருடத்துக்கு மேல் யாரும் தட்டாத அட்டைகளை எடுத்து, அவற்றுக்கு ஓய்வு கொடுத்து மூடுவது அதன் வேலை. ராத்திரிகளில் தானாக ஓடும், நாங்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதேயில்லை. மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு அட்டைக்கும் அது ஒரு கேள்வி கேட்கும். இந்த அட்டையின் கடைசிப் பயணம் எது? தேதி இல்லாமல். திறந்து கிடந்தால், கடைசி நிறுத்தம் வரை போனதாக எழுதி முடித்துவிடும். அதே வடிவம். பூட்டு போட்ட தடை அதற்கும் பதில் மறுத்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான அந்த மறுப்புகள் அக்காவுடையவை இல்லை. தட்டாமல் கிடக்கும் ஒவ்வோர் அட்டையையும், வருடம் முடிந்த பிறகு வாலுவின் அட்டையையும் தேடி ராத்திரிதோறும் வந்து, ஏமாந்து திரும்பிப் போன துடைப்பத்தினுடையவை. அக்காவை வெளியே நிறுத்திய அதே பூட்டுதான், வாலுவை இத்தனை நாள் உள்ளே காப்பாற்றி வைத்திருந்தது. அதை நான் என் கையால் திறந்துவிட்டேன். யார் யார் கேட்டார்கள் என்று ஒரு வரி கீழே இறங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அக்காவைத் தவிர வேறு யாரும் அத்தனை தடவை கேட்டிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அக்காவுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தட்டாமல் இறங்கியவர்களின் பயணம் எப்படி மூடப்படும் என்பதை இந்த நிறுவனத்தில் அவளைவிட அதிகம் பேருக்கு எடுத்துச் சொன்னவர்கள் கிடையாது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனாலும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிய நேரத்தின்மேல் விரலை வைத்தாள். கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எவ்வளவு லேட்டா வந்திருக்கா பாரு" என்றாள்.

வாசலிலிருந்து என் மேல்வீட்டுக்குக் கேட்கும் அதே குரல். அவள் காலடியில் குந்தி உட்கார்ந்துகொண்டேன். என்ன பேசுகிறேன் என்று தெரியாமல் பேசினேன்.

"அக்கா, நான் மாத்திடறேன். ஒரு நிமிஷ வேலைதான். இறங்கின எடத்த அழிச்சிட்டு பழையபடி தெறந்து வெச்சிடறேன். யாருக்கும் தெரியாது. தொடப்பம் இனிமே அந்தக் கார்டத் தொடாம நான் பாத்துக்கறேன்."

என்னால் அது முடியும். வேலை போனாலும் போகட்டும் என்று அப்போதே மேலே ஓடிப்போய்ச் செய்திருப்பேன். அக்கா என் தலையில் கை வைத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"வேண்டாம்டா. வீடு வந்து சேந்த பொண்ண மறுபடியும் பஸ்ல ஏத்தி விடாத."

பிறகு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாத அழுகை அது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் உள்ளே வந்து, அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை எடுத்து, தட்ட மறந்த யாருக்கோ தாழ்ந்த குரலில் விதியைச் சொன்னாள்.

அன்று மாலை அக்கா என்னோடு அந்தப் பேருந்தில் ஏறினாள். வருடம் முழுக்க அதைத் தவிர்த்துச் சுற்று வழியில் போய்க்கொண்டிருந்தவள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு எழுந்து, கதவருகே போய் அட்டையைத் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. இறங்கி நின்று, அண்ணாந்து தன் பால்கனியைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

அதற்குப் பிறகு புகார்ப் பிரிவிலிருந்து அந்தக் கேள்வி வரவேயில்லை. குடைக்காரர் எப்போதாவது கேட்பதோடு சரி. தடையை நீக்கியும் யாரும் கேட்கவில்லையே அண்ணா, அதற்கா அத்தனை சண்டை போட்டீர்கள் என்று பூட்டு ஒரு நாள் கேட்டான். வழக்கமாக இருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். அன்று எழுந்து மொட்டை மாடிக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. சாவி கேட்க மனமில்லாமல் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.